ரிசப்ஷனில் டிஜே போடுகிறவர்களுக்கு: கண் கூட்டத்தில் இருக்க வேண்டுமென்றால்

புதிதாக டிஜே போட வரும் தம்பிகள் பக்கத்தில் நின்றால், அவர்களுடைய கண் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். பாதிப் பேருக்கு லேப்டாப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதே நேரம் ஹாலின் நடுவில் நான்கு அத்தைகள் வெட்கப்பட்டுக்கொண்டே கையைத் தூக்கி ஆட ஆரம்பித்திருப்பார்கள், இவர் அதைப் பார்க்காமல் பாட்டை மாற்றிவிடுவார், அத்தைகள் போய் உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் அந்த இரவு முழுக்க எழுந்திருக்கவே மாட்டார்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே, கரண்ட் பார்ப்பதிலிருந்து பாட்டு அடுக்குவது வரை, இந்த ஒரு காரணத்துக்காகத்தான். மற்ற வேலையெல்லாம் முன்னாடியே முடிந்திருந்தால்தான் நிகழ்ச்சி நடக்கிற மூன்று மணி நேரமும் கண்ணை நிமிர்த்தி வைத்திருக்க முடியும்.

முதலில் கரண்ட்

பாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். மண்டபத்துக்குள் போனதும் ஸ்பீக்கரை இறக்குவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பிடியுங்கள். அவர் பெயரைக் கேட்டு, போன் நம்பர் வாங்கி, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, சேஞ்ச் ஓவர் (லைன் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் ஸ்விட்ச்) தானாக மாறுமா அல்லது கையால் மாற்ற வேண்டுமா, மேடைப் பக்கம் இருக்கும் பிளக் எந்த ஃபேஸ், அதே லைனில் வேறு யாரெல்லாம் இழுத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சீரியல் லைட், எல்இடி ஸ்கிரீன், வீடியோகாரரின் லைட், ஐஸ்கிரீம் ஃப்ரீசர் எல்லாம் ஒரே போர்டில் தொங்கும் மண்டபங்கள் நிறைய உண்டு. ஒரு 16 ஆம்பியர் பிளக்கில் அதிகபட்சம் சுமார் 3,600 வாட்தான் எடுக்கலாம், அதையும் மூன்று மணி நேரம் முழுசாக எடுக்கக் கூடாது.

பையில் ஒரு மல்டிமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். அங்கே 60, 90 என்று அலைந்தால் அந்த பிளக்கில் எர்த் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட் இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் ஏறினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டாமல் எதையும் சொருகாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வைகாசி முகூர்த்தம், மாடியில் ரிசப்ஷன், கீழே பந்தி. மாலை ஏழு மணிக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தது, வந்த வேகத்தில் என் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு 'டப்' சத்தத்தோடு நின்றன, பின்பக்கம் கருகல் வாடை. ஜெனரேட்டர் பக்கம் நியூட்ரல் ஒயர் சரியாக முறுக்கப்படாமல் கழன்றிருந்தது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் போய்விட்டால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைக்கும் ஏறும், சாதாரண பவர் சப்ளை தாங்காது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பியது. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வருகிற நேரம், என்னிடம் ஒரு சத்தமும் இல்லை. காலை முகூர்த்தத்துக்கு வந்து, கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் கையைக் கழுவிவிட்டு மேலே வந்து வாசித்துக் கொடுத்தார்கள். அந்தப் பெரியவர்களுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஜெனரேட்டரை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லி, மீட்டரை வைத்துப் பார்த்த பிறகுதான் என் செட்டை அதில் மாட்டுவேன். கூடவே ஓவர் வோல்டேஜ் வந்தால் தானாக வெட்டிவிடும் கருவி ஒன்றையும் வாங்கிக்கொண்டேன், போன ஸ்பீக்கரின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

மிக்ஸர் அல்லது கன்ட்ரோலருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சின்ன யுபிஎஸ், 600 விஏ போதும். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தச் சில நொடிகளில் ஸ்பீக்கர் அணைந்தாலும் உங்கள் பாட்டு நிற்காமல் ஓடும், மைக்கை எடுத்து இரண்டு வார்த்தை பேசத் தேவையில்லாமல் அது பாட்டுக்குத் திரும்பிவரும். போடும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். ரீலில் சுற்றியிருக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரை முழுசாக அவிழ்த்துப் போடுங்கள், சுற்றினபடியே லோடு ஏற்றினால் உள்ளே சூடாகி உருகும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வந்தால் அது பெரும்பாலும் எர்த் லூப், அதாவது கருவிகள் வேறு வேறு வழியில் எர்த் ஆகி, நடுவில் இருக்கும் ஒயரில் கரண்ட் சுற்றுவது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் காரணம் அதுதான். சவுண்ட் செட் முழுவதையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள், லைட்டை வேறு லைனில் விடுங்கள், அப்படியும் போகவில்லை என்றால் சிக்னல் ஒயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் உள்ள டிஐ பாக்ஸ் ஒன்றை சிக்னல் ஒயருக்கு நடுவில் வையுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டோ டேப் ஒட்டியோ சொருகுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மைக்கைப் பிடித்துப் பாட வரும் குழந்தையின் கையில் ஷாக் அடிக்கும்.

ஸ்பீக்கர் வைக்கிற இடம்

நம் மண்டபங்கள் நீளமானவை. டைல்ஸ் தரை, வழவழப்பான சுவர், உயரமான கூரை. சத்தம் பின்சுவரில் மோதித் திரும்பி வரும், வால்யூம் ஏற்ற ஏற்ற வார்த்தை புரியாமல் குழம்பும். டாப் பாக்ஸை ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேலே இருக்கும்படி வைத்து, ஆடப்போகிற இடத்தைப் பார்த்து உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி விடுங்கள். முதல் வரிசையில் தாத்தா பாட்டிகள்தான் உட்காருவார்கள், அவர்கள் காதுக்கு நேராக ஸ்பீக்கரை வைத்துவிட்டு அப்புறம் 'சவுண்டைக் குறை' என்று ஆள் மேல் ஆள் வருகிறார்கள் என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

பேஸ் பாக்ஸ் இரண்டு இருந்தால் மேடைக்கு இரண்டு பக்கமும் பிரித்து வைப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம், பார்க்கவும் அழகு. ஆனால் அப்படி வைத்தால் ஹாலில் சில இடத்தில் பேஸ் நெஞ்சில் இடிக்கும், மூன்று அடி தள்ளி நின்றால் காணாமல் போய்விடும், ஏனென்றால் இரண்டு பக்கமிருந்தும் வரும் அலைகள் ஒன்றையொன்று சில இடங்களில் கூட்டும், சில இடங்களில் அழிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். அதே வால்யூமில் பேஸ் கூடுதலாகவும் சமமாகவும் கிடைக்கும்.

மிக்ஸரில் சிவப்பு லைட் எரியவே கூடாது. சத்தம் போதவில்லை என்றால் ஆம்பிளிஃபயர் பக்கம் ஏற்றுங்கள். சிவப்பில் ஓட்டினால் சத்தம் கூடுகிற மாதிரி தோன்றும், உண்மையில் அலை வெட்டுப்பட்டு ட்வீட்டர் வெந்துகொண்டிருக்கும்.

பாட்டு அடுக்குவது, முக்கியமாகக் குத்துப் பாட்டு

ஆடியும் மார்கழியும் நமக்கு வேலை இல்லாத மாதங்கள். அந்த இரண்டு மாதமும் லைப்ரரிக்குத்தான். யூடியூபிலிருந்து இறக்கின பாட்டு போன் ஸ்பீக்கரில் நன்றாகத்தான் கேட்கும், பெரிய ஸ்பீக்கரில் போட்டால் மேல் சத்தமெல்லாம் மழுங்கி, பேஸ் கொழகொழவென்று வரும். காசு கொடுத்து வாங்கி, 320 கேபிபிஎஸ் அல்லது அதற்கு மேலான தரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் ஸ்ட்ரீமிங்கை நம்பி மண்டபத்துக்குப் போகாதீர்கள், எண்ணூறு பேர் ஒரே ஹாலில் லைவ் போட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் போனுக்கு நெட் கிடைக்காது.

நான் படம், வருடம் என்று அடுக்குவதில்லை. 'மேடை', 'சாப்பாட்டு நேரம்', 'சின்னப் பிள்ளைகள்', 'அத்தை மாமா', 'காலேஜ் கூட்டம்', 'கடைசி அரை மணி' என்று பயன்படும் இடத்தை வைத்து ஃபோல்டர் போட்டிருக்கிறேன். எந்த முகம் எழுந்து வருகிறதோ அந்த ஃபோல்டருக்குக் கை தானாகப் போகும். ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு ஹாட் க்யூ, அதாவது பட்டனை அழுத்தினால் பாட்டு நேராகத் தாவிப் போகும் குறிகள்: தாளம் தொடங்குகிற இடம் ஒன்று, பல்லவி எடுக்கிற இடம் ஒன்று. நம் பாட்டுகளில் முன்னிசை நீளமாக இருக்கும், வசனம் இருக்கும், புல்லாங்குழல் இருக்கும். ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அதற்காக நாற்பது நொடி நிற்க வைக்க முடியாது.

இப்போது நான் சொல்ல ஆசைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து மிக்ஸிங் கற்றுக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் குத்துப் பாட்டு. ஹவுஸ், ஹிப் ஹாப் எல்லாம் சதுஸ்ரம், ஒவ்வொரு தட்டும் 'தகதிமி' என்று நாலாகப் பிரியும். நம் குத்தில் பெரும்பாலானவை திஸ்ரம், ஒவ்வொரு தட்டும் 'தகிட' என்று மூன்றாகப் பிரியும். சாஃப்ட்வேருக்கு இது தெரியாது. கால் தட்டுகிற கணக்குக்கு நிமிடத்துக்கு 90 வரும் ஒரு பாட்டை அது 135 என்று காட்டிவிடும், ஏனென்றால் 90 தட்டை மும்மூன்றாகப் பிரித்தால் 270 துடிப்பு, அதை இரண்டிரண்டாக எண்ணினால் 135. அதை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக ஒன்றாக்கும் சிங்க் பட்டனை அழுத்தினால் இரண்டு பாட்டும் மல்லுக்கட்டும், ஆடுகிறவர்களுக்குக் கால் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிடுவார்கள்.

ஆகவே ஒவ்வொரு குத்துப் பாட்டையும் வீட்டில் உட்கார்ந்து கேட்டு, தொடையில் தட்டிப் பார்த்து, தாளத்துக்கு ஏற்ப அழுத்தினால் வேகத்தைக் கணக்கிடும் டேப் (tap) பட்டனால் சரியான வேகத்தைக் கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் 'தி' என்று ஒரு எழுத்துப் போட்டு வையுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும். 80களின் பாட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவை ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தவை, வேகம் ஒரே சீராக இருக்காது, சரணத்தில் கொஞ்சம் ஓடும். ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேரில் டைனமிக் அனாலிசிஸ் என்று ஒரு வழி இருக்கிறது, அது ஓரளவுக்குப் பிடிக்கும், மீதியைக் கையால் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் எக்கோ போட்டு முடித்துவிட்டு அடுத்ததைப் பல்லவியிலிருந்து எடுங்கள். நல்ல இடத்தில் வெட்டினால் யாருக்கும் குறை தெரியாது.

சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு மாறுவதற்கு நான் செய்வது இது. இரண்டு பாட்டின் அடித் தட்டும் ஒரே வேகத்தில் இருக்கும்படி வைத்து, போகிற பாட்டில் நாலு தட்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டு, அதன் ஹை, மிட் (மேல் சத்தம், நடுச் சத்தம்) இரண்டையும் குறைத்துவிடுவேன். சண்டை போடுவது உள்ளே இருக்கும் சின்னச் சின்னத் துடிப்புகள்தான், ஹை ஹாட்டும் தவிலும். அவை போய்விட்டால் மிச்சமிருக்கும் 'தும் தும்' எந்த நடைக்கும் பொருந்தும். அதன் மேல் வரும் பாட்டின் தவிலைத் திறந்துவிட்டு, லூப்பை எடுத்தால் மாறினதே தெரியாது.

இன்னொன்று கொஞ்சம் பழகின பிறகு செய்யலாம். சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டின அந்த 135 இருக்கிறதே, அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். 90 வேகத் திஸ்ரக் குத்திலிருந்து 135 வேகச் சதுஸ்ரப் பாட்டுக்குப் போகும்போது உள்துடிப்பு இரண்டிலும் ஒன்றுதான். எட்டு 'தகிட' இருபத்துநான்கு, பன்னிரண்டு 'தக' இருபத்துநான்கு. எட்டுத் தட்டு எண்ணி முடிகிற இடத்தில் புதுப் பாட்டை விட்டால் கூட்டம் திடீரென்று வேகம் ஏறின மாதிரி உணர்ந்து கத்தும். தவில் வித்வான்கள் நடை மாற்றும்போது செய்வதும் இந்தக் கணக்கைத்தான், ஒரு கல்யாணத்தில் அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுத்தான் எனக்கு இது பிடிபட்டது.

வீட்டார்களிடம் பேச வேண்டியவை

முன்பணம் வாங்கும்போதே பேசிவிடுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பிவிடுங்கள். மீதிப் பணம் தருவது பெண் வீடா மாப்பிள்ளை வீடா, அன்றைக்கு யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை மணிக்கு. நான் கடைசி அரை மணிக்கு முன்னால் வாங்கிவிடுவேன், அதற்கப்புறம் மொய் எண்ணுகிற அவசரத்தில் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். கட்டாயம் போட வேண்டிய ஐந்து பாட்டு கேளுங்கள், போடவே கூடாத பாட்டையும் கேளுங்கள். சமீபத்தில் யாராவது தவறியிருப்பார்கள், அவருக்குப் பிடித்த பாட்டைத் தெரியாமல் போட்டு மேடையில் அம்மா அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

சாதிப் பெருமைப் பாட்டு போடமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கட்சிப் பாட்டும் கிடையாது. ஆட்டத்தின் நடுவில் நாலு பையன்கள் வந்து தோளில் கை போட்டுக் கேட்பார்கள், ஒரு பாட்டு தானே அண்ணே என்பார்கள். அந்த ஒரு பாட்டு வாசலில் அடிதடியாக முடிந்த ஊர்கள் உண்டு, அப்படி முடியாத ஊரிலும் யாரோ ஒருவர் தலை குனிந்து சாப்பிடாமல் போவார். 'வீட்டுப் பெரியவர்கிட்ட பேசிட்டேன் தம்பி, அவர் வேண்டாம்னு சொல்லிட்டார்' என்று சொன்னால் பெரும்பாலும் விலகிப் போய்விடுவார்கள், அதனால்தான் முன்னாடியே பேசி வைக்கச் சொல்கிறேன்.

மற்றபடி பாட்டு கேட்டு வருகிறவர்களை விரட்டாதீர்கள். 'சரி மாமா, நாலு பாட்டுக்குள்ள வந்துடும்' என்று சொல்லிப் பேப்பரில் குறித்து, சொன்னபடி போடுங்கள். அந்த மாமாதான் அவருடைய பாட்டு வந்ததும் பத்துப் பேரை இழுத்துக்கொண்டு வருவார்.

நேரமும் சட்டமும்

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குகளுக்கு, உள்ளே மட்டும் கேட்கிற அளவுக்கு, விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் நம் மண்டபத்தில் எல்லாக் கதவும் ஜன்னலும் திறந்திருக்கும், எதிர்வீட்டுக்காரர் போன் செய்தால் போலீஸ் வரத்தான் செய்யும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பதையும் இடம் பார்க்கும்போதே கவனியுங்கள். திறந்தவெளி என்றால் காவல் நிலைய அனுமதிக் கடிதம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டு, அதன் போட்டோவை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பத்து மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். போட்டோ வரிசை எட்டரைக்குக் கரையத் தொடங்கும், பந்திக்குப் போனவர்கள் திரும்ப வர எட்டே முக்கால். உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஆறரை மணிக்கே எல்லாக் குத்தையும் கொட்டிவிட்டால் ஒன்பது மணிக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

கல்யாணத்தில் பாட்டு போட லைசென்ஸ் கேட்டு யாராவது வந்தால், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு திருமணத்தையும் அதையொட்டிய விழாக்களையும் விலக்கி வைத்திருக்கிறது, 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை (டிபிஐஐடி) இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பும் கொடுத்திருக்கிறது என்று சொல்லுங்கள். கம்பெனி பார்ட்டி, ஹோட்டல் புத்தாண்டு நிகழ்ச்சி எல்லாம் இதில் வராது, அதற்கு ஏற்பாடு செய்பவர்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளப்பில் போடுவதானால்

அங்கே சிஸ்டம் அவர்களுடையது, கரண்ட் கவலை இல்லை. யுஎஸ்பி இரண்டு எடுத்துப் போங்கள், இரண்டிலும் ஒரே பாட்டுகள், ரெகார்ட்பாக்ஸில் எக்ஸ்போர்ட் செய்து. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். கிளப்பில் யுஎஸ்பியைச் சொருகுகிற பிளேயர்களில் சிடிஜே 3000 எக்ஸ்ஃபேட் முறையையும் படிக்கும், ஆனால் பல இடங்களில் இன்னும் இருக்கிற சிடிஜே 2000 நெக்சஸ் 2 படிக்காது. ஒரு மணி நேரம் முன்னாடியே போய் முன்னால் போடுகிறவர் என்ன போட்டார் என்று கேளுங்கள். நீங்கள் வார்ம் அப், அதாவது முக்கிய டிஜேவுக்கு முன்னால் போடுகிறவர் என்றால் கூட்டம் வருகிற நேரத்துக்கு ஏற்ற பாட்டைப் போட்டு, பெரிய ஹிட்டுகளை அடுத்தவருக்கு விட்டுவைப்பதுதான் மரியாதை.

காதைப் பற்றி ஒன்று. 85 டெசிபெலில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் சொல்லும் கணக்கு. அப்படியானால் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான், கிளப்பில் அதைத் தாண்டுவது சாதாரணம். இசைக்காரர்களுக்கென்று விற்கும் இயர் பிளக் வாங்குங்கள், பஞ்சு வேண்டாம். வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது.

மூட்டை கட்டும்போது

எல்லா ஒயருக்கும் ஒரே நிற டேப் ஒட்டி வையுங்கள், சவுண்ட் சர்வீஸ்காரரும் வீடியோகாரரும் அதே கறுப்பு ஒயரைத்தான் வைத்திருப்பார்கள். வரும்போது எண்ணி எழுதின பட்டியலைப் போகும்போதும் எண்ணுங்கள். வாட்ச்மேன் அண்ணன் ஒவ்வொரு லைட்டாக அணைத்துக்கொண்டே வருவார், அவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு மேடைக்குப் பின்னால், பூ அலங்காரத் துணிக்கு அடியில், டார்ச் அடித்துப் பாருங்கள். வயர்லெஸ் மைக் எப்போதும் கடைசியாகப் பேசின தாய்மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியில்தான் கிடக்கும்.